ஆமைக்குப் பூசிய சிவப்பு

நெயில் பாலிஷ் மூடியை யாராவது திறந்தால் எனக்கு ஆமைதான் ஞாபகம் வரும். ஞாயிற்றுக்கிழமைகளில் என் மகள் ஜன்னலோரம் ஒரு காலை மடக்கி உட்கார்ந்து, விரல்களை விரித்து வைத்துப் பூசிக்கொள்வாள். மூக்கின் உச்சியில் போய்க் குத்தும் அந்த வாசனை கூடத்தைத் தாண்டிச் சமையலறைக்கு வரும். அடுப்பில் மீன் குழம்பே கொதித்தாலும் எனக்குத் தெரியாது. காய்ந்த புல். வெயில் குடித்த பாறை. தூக்கிய பயத்தில் ஆமை மூத்திரம் பெய்து நனைத்த என் முந்தானை.

"ஏம்மா அப்படிப் பாக்கறே?" என்பாள் மகள்.

ஒன்றுமில்லை என்பேன். இருபது வருஷமாக ஒன்றுமில்லை.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. கல்லூரியில் விலங்கியல் டெமான்ஸ்ட்ரேட்டர். தவளையை மெழுகுத் தட்டில் குண்டூசி குத்தி மல்லாத்தி, இது இருதயம், இது ஈரல் என்று காட்டுவது வேலை. உயிருள்ள எதையும் அந்தக் கட்டிடத்தில் நான் தொட்டதில்லை. தாவரவியலில் மூத்த ஆசிரியர் ஒருவர் இருந்தார். எங்கள் எல்லோருக்கும் அவர் வெறும் 'சார்'. சேலையூருக்குப் பின்னால், ஏரிக்கு அந்தப் பக்கம், கல்குவாரியை ஒட்டி நாலு ஏக்கர் பாறை நிலம் அவர் மனைவி வழியில் வந்திருந்தது. அந்த நிலத்தை அவர் சும்மா விடப் போவதாகச் சொன்னார்.

சும்மா விடுவது. ஊருக்குப் பிடிபடாத விஷயம் இதுதான். நெல் விளைந்த வயல்களே கல் நட்டு, கயிறு கட்டி, முப்பதுக்கு நாற்பதாக விலை போய்க்கொண்டிருந்த காலம். இவர் பாறையைச் சுற்றி முள்கம்பி இழுத்தார். உள்ளே காடாக மண்டியிருந்த வேலிக்காத்தானை வேரோடு பிடுங்கிப் போட்டுவிட்டு, அதே இடத்தில் களாவும் சூரையும் காரையும் வைத்தார். முன்னொரு காலத்தில் இந்தப் பாறைகளுக்கு நடுவில் இருந்தவை இவைதான், ஆடு ஏறாமல் பார்த்துக்கொண்டால் தானே திரும்பி வரும் என்றார்.

கேம்ப் ரோட்டில் டீக்கடை வைத்திருந்தவர் ஊரின் பழைய குடித்தனக்காரர். நிலத்தை விற்றுக் கடை போட்டவர், ஆட்டை மட்டும் விற்கவில்லை. சாரைக் கண்டால் பாய்லரைத் தட்டி நிறுத்திவிட்டு ஆரம்பிப்பார்.

"இன்னா சார், முள்ளப் புடுங்கி முள்ள நட்டு, அதுக்கு முள்ளுல வேலியும் போட்டுகினு கீறீங்களாமே?"

"காடு வளர்க்கிறேன்."

"காடு இன்னாத்துக்கு சார் வளக்கணும்? உட்டா அதுவே வளரும்."

"அதைத்தான் நானும் சொல்றேன். ஆட்டை விடாதீங்க."

கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். சிரிப்புக்குப் பின்னால் கணக்குப் போட்டார்கள். உள்ளே கோயில் கட்டப் போகிறார், இல்லை சர்ச். ப்ளேன் இறக்க மிலிட்டரிக்காரன் கேட்டிருக்கிறான். பாறைக்கடியில் ஏதோ இருக்கிறது. நான் நோட்டும் கையுமாகப் போக ஆரம்பித்த பிறகு இன்னொன்று சேர்ந்தது. அது எமர்ஜென்சி காலம். நோட்டு வைத்திருக்கும் எந்தப் பெண்ணும் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்கு ஆள் எழுத வந்தவள்தான். என்னைக் கண்டால் ஏரிக்கரையில் துணி அலசும் ஆண்கள் பாதித் துணியோடு எழுந்து போனார்கள்.

இரண்டு மழைக்குப் பிறகு புல் வந்தது. ஆட்காட்டிக் குருவி தரையில் முட்டை வைத்தது. ஒரு முயலைக்கூடப் பார்த்ததாகச் சார் சத்தியம் செய்தார். அந்தச் சமயத்தில்தான் வனத்துறையிலிருந்து கோணிகள் வந்தன. விலங்குகளைப் பிடித்து விற்கக்கூடாதென்று சட்டம் வந்த புதிது. ரயிலில் யாரோ உரிமை கோராமல் விட்டுப்போன கோணிகளுக்குள் நட்சத்திர ஆமைகள். கவிழ்த்த கிண்ணம் போல, கறுப்பு ஓட்டில் மஞ்சள் கதிர் விரிந்தவை. பாதி செத்திருந்தன. மீதி முப்பத்தொன்று. எங்கே விடுவது என்று தெரியாமல் தவித்தவர்களிடம், என் பாறையில் விடுங்கள் என்றார் சார். ஒரு காலத்தில் அவை அங்கே இருந்தவைதானாம்.

விட்டால் போதாது, பிழைத்ததா என்று தெரிய வேண்டும். அதற்கு ஒவ்வொன்றுக்கும் அடையாளம் வேண்டும். அரம் வைத்து ஓட்டின் விளிம்பில் வெட்டுப் போடுவதுதான் முறை. சார் அரத்தை என் கையில் கொடுத்தார். முதல் ஆமை கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு ஒரு பெருமூச்சு விட்டது. செத்த தவளையை நூறு முறை அறுத்தவள், எனக்குக் கை வரவில்லை.

"நெயில் பாலிஷில் எண் போடட்டுமா சார்? வலிக்காது. தூரத்திலேயே தெரியும்."

சார் யோசித்தார். "தெரியும்தான்," என்றார்.

தூரத்திலேயே தெரியும். நான்தான் சொன்னேன்.

தாம்பரம் மார்க்கெட் வளையல் கடையில் அங்கிருந்ததிலேயே ரொம்பச் சிவப்பானதை வாங்கினேன். அன்று சாயங்காலமே அம்மா என் பையில் அதைக் கண்டுபிடித்துவிட்டாள். ஞாயிறு பள்ளி டீச்சர் அவள். எங்கள் வீட்டில் பவுடரே பண்டிகைக்குத்தான்.

"யாரவன்?" என்றாள்.

"யாரும் இல்லம்மா. இது ஆமைக்கு."

"ஆமைக்கு?"

"முதுகில் பூச."

அம்மா புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "பொய் சொல்றதுன்னா கொஞ்சம் நம்பற மாதிரி சொல்லுடி. கோயில்ல நாலு பேர் கேட்டா என் பொண்ணு ஆமைக்கு மினுக்குறான்னா சொல்ல முடியும்?"

முப்பத்தொரு ஆமைகளுக்கும் எண் போட்டேன். ஒன்பதாவதுக்கு மட்டும் ஏற்கெனவே ஓர் அடையாளம் இருந்தது. பின் விளிம்பில் ஆணியால் குடைந்த ஒரு ஓட்டை. யாரோ வீட்டில் கயிறு கோத்துக் கட்டி வைத்திருந்திருக்கிறார்கள். அதன் மேல் 9 என்று எழுதி ஊதிக் காயவைத்தேன். சின்ன வயதில் பள்ளிக்கூட நாடகத்துக்கு ஒரே ஒரு முறை என் விரலுக்கு அத்தை பூசிவிட்டு ஊதியது போல.

காவலுக்குச் சார் ஒரு பெண்ணை வைத்தார். ஏரிக்கரை இருளர் குடியிருப்பைச் சேர்ந்தவள், கிட்டத்தட்ட என் வயது. அவள் வீட்டுக்காரன் பாம்பு பிடித்துத் தோல் கொடுத்துக்கொண்டிருந்தவன். தோல் வியாபாரத்தை அரசாங்கம் நிறுத்தியதும் படப்பைப் பக்கம் வயல்வெளிகளில் எலி பிடிக்கப் போய்விட்டான். ஏரிக்கரைக் குடிசைகளையும் ப்ளாட்காரர்கள் காலி செய்யச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சார் அவளுக்கு வேலிக்குள் ஒரு மூலையில் குடிசை போட இடம் கொடுத்தார். "ஆமை இருக்கிற வரைக்கும் உன் குடிசையும் இருக்கும்," என்று சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

நான் அவளை நீ என்றேன், அவளும் என்னை நீ என்றாள். ஆனால் ஒரு 'அம்மா'வை ஒட்ட வைத்தாள். அவள் நடந்தால் சருகு பேசாது. பேச்சு நடுவில் சட்டென்று நிறுத்தி எங்கோ பார்ப்பாள். எனக்கு அது பிடிக்கவில்லை. சத்தமில்லாமல் நடப்பவர்களைச் சந்தேகப்படவே நான் வளர்க்கப்பட்டிருந்தேன்.

ஒவ்வொரு சனிக்கிழமை மத்தியானமும் போய் எண்ணுவேன். மாசி வரை முப்பத்தொன்றும் இருந்தன. பங்குனியில் இருபத்தாறு. சித்திரையில் பத்தொன்பது.

"எங்கே போச்சு மத்ததெல்லாம்?"

"எங்கியும் போவலம்மா. வெயிலு இன்னா போடு போடுது. புதருக்குள்ள, மண்ணுக்குள்ள பூந்துகினு கீதுங்க."

"அப்போ இந்தப் பத்தொன்பது மட்டும் ஏன் வெளியே சுத்துது?"

"அதுங்களுக்குப் புத்தி கம்மி."

என்னைக் கிண்டல் செய்கிறாளா என்று பார்த்தேன். முகத்தில் எதுவும் இல்லை.

"அந்தச் செவப்பு வாணாம்மா," என்றாள் இன்னொரு சனிக்கிழமை. "காக்கா கொத்துது. மேல கல்லு உடைக்கிறவன் கண்ணுலயும் படுது."

"காக்கா வந்தா விரட்டு. ஆள் வந்தா கத்து. அதுக்குத்தானே நீ இருக்கே."

அவள் பேச்சை நிறுத்தி எங்கோ பார்த்தாள்.

டீக்கடைக்காரருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. "பாம்பு புடிக்கிற கைக்கு ஆமை எம்மாத்திரம், டீச்சரம்மா? நேத்து ஒரு கூடையத் தூக்கிகினு படப்பை பஸ்ஸு ஏறுனா. மேல துணி மூடிகினு. உள்ள இன்னான்னு நான் கேக்கல. கேட்டா நமக்கு எதுக்கு பேஜாரு?"

அந்தக் கூடை எனக்குள் இறங்கிவிட்டது. துணி மூடிய கூடை. வீட்டில் சாப்பிடும்போது, லேபில் தவளைக்குக் குண்டூசி குத்தும்போது, சர்ச்சில் முழங்காலில் இருக்கும்போதுகூட அதன் துணியை விலக்கி விலக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் உள்ளே ஆமை.

வைகாசியில் எண்ணோடு இருந்தவை பதினொன்று. அன்றைக்குச் சப்பாத்திக்கள்ளி அடியில் ஒரு ஆமை பழம் தின்றுகொண்டிருந்தது. வாயெல்லாம் சிவப்பு, ஆனால் முதுகில் எண் இல்லை. குனிந்து பார்த்தேன். 2-இன் வால் மட்டும் மிச்சம். யாரோ சுரண்டியிருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டுத் தலையைத் தூக்கியபோது அவள் தண்ணீர்ச் செம்பை நீட்டிக்கொண்டு நின்றாள். அவள் கட்டைவிரல் நகத்துக்கு அடியில் ஒரு சிவப்புப் பொடி.

எல்லாம் ஒரே நொடியில் பொருந்திவிட்டது. எண்ணைச் சுரண்டிவிட்டால் அது யாருடைய ஆமையும் இல்லை. அடையாளம் இல்லாததை எங்கே வேண்டுமானாலும் விற்கலாம். சந்தேகம் பொருந்தும்போது வருகிற நிம்மதி இருக்கிறதே, அது கிட்டத்தட்ட சந்தோஷம். தண்ணீரைக் குடித்தேன். செம்பைத் திருப்பிக் கொடுத்தேன். நேரே சார் வீட்டுக்குப் போய் நோட்டை நீட்டினேன்.

மறுநாள் சாயங்காலம் சார் வந்தார். எப்படித்தான் தெரிந்ததோ, வேலிக்கு வெளியே டீக்கடைக்காரரும், கல்குவாரியிலிருந்து நாலைந்து பேரும் கம்பியில் கை வைத்து வேடிக்கை பார்க்க நின்றார்கள்.

சார் கோபப்படுகிற மனிதர் இல்லை. அதுதான் மோசம். "இருபது ஆமை காணோம்," என்றார் மெதுவாக.

"கீது சார். மழை வரட்டும், எல்லாம் வரும்."

"எண்ணை ஏன் அழிச்சே?"

"செவப்பு தெரியுது சார்."

"தெரியணும்னுதானே போட்டோம்? சரி. இருக்குன்னு சொல்றியே, காட்டு. ஒண்ணே ஒண்ணு காட்டு. காட்டிட்டா நீ இங்கேயே இரு, நான் எதுவும் கேக்கல."

அவள் ஒரு அடி எடுத்து வைத்தாள். நின்றாள். வேலியைப் பார்த்தாள், அங்கே நின்றவர்களை ஒவ்வொருவராக. பிறகு என்னைப் பார்த்தாள். திருட்டு முழி என்று அதற்குப் பெயர் வைத்தேன். எனக்கு அப்போது தெரிந்த பெயர் அதுதான்.

"மழை வரட்டும் சார்," என்றாள் மறுபடியும்.

"அதுக்குள்ள மிச்சமும் போயிடும்."

இரண்டு சட்டி, ஒரு பாய், ஒரு கடப்பாரை. குடிசையின் தென்னங்கீற்றைத் தானே பிரித்து மடக்கி அடுக்கிவைத்தாள். பிரிக்கிற வேலை சாருக்கு வைக்கக்கூடாது என்பது போல. டீக்கடைக்காரர், "நான் அன்னிக்கே சொன்னேன்ல?" என்றார் யாரிடமோ. அவள் என்னைத் தாண்டிப் போகும்போது என்னிடம் எதுவும் சொல்லவில்லை. சருகும் எதுவும் சொல்லவில்லை.

ஆடி பிறந்த வாரம் ஒரு சனிக்கிழமை. பல்லாவரம் பக்கம் வானம் இருண்டு, தூசியைக் கிளப்பிக்கொண்டு வந்து, ஒரு மணி நேரம் அடித்துப் பெய்தது. அவள் போனபின் காவலுக்கு ஆள் வைக்கவில்லை. நானும் சில வாரம் போகவில்லை. மழை விட்டதும் குடையை மடக்கிக்கொண்டு வேலிக்குள் போனேன்.

பாறைக் குழிகளில் தண்ணீர் நின்றது. ஒரு குழியின் விளிம்பில் ஆமை ஒன்று கழுத்தை முழுசாக நீட்டி, கண்ணை மூடி, குடித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் இன்னொன்று. சூரைப்புதரின் அடியில் ஈரமண் மெதுவாகத் தூக்கிக்கொண்டது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஒரு முதுகாக மாறியது. புதருக்குப் புதர் தரை எழுந்து நடந்தது. கதிர் கதிராக, மஞ்சள் மஞ்சளாக. எதிலும் எண் இல்லை.

ஒன்றைத் தூக்கினேன். என் முந்தானையில் பெய்தது. பின் விளிம்பில் ஆணி குடைந்த ஓட்டை. ஓட்டின் வரிப்பள்ளத்தில் ஒரு கோடு மட்டும், துடைத்தும் போகாத சிவப்பு.

ஒன்பது.

ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தேன். சுரண்டப்பட்டவை பன்னிரண்டு எண்ணினேன். சரி, சுரண்டப்படாத பதினொன்று எங்கே? நான் எழுதியபடியே பளபளவென்று எண்ணோடு இருந்தவை? தேடினேன். இரண்டு கிடைத்தன. குவாரிப் பக்கம் வேலி ஓரிடத்தில் மிதிபட்டுத் தாழ்ந்திருந்தது. அதைத் தாண்டிப் பத்தடியில் மூன்று கல் கூட்டிய அடுப்பு. மழையில் கரி கரைந்து ஓடிக்கொண்டிருந்தது. கரிக்குள் ஒரு ஓட்டுத்துண்டு. அதில் 23. என் கையெழுத்து. 3-இன் கீழ் வளைவை நான் எப்போதும் கொஞ்சம் அதிகமாகச் சுழிப்பேன்.

சிவப்பு உள்ளவைதான் போயிருந்தன. எண் அழிக்கப்பட்டவை பிழைத்திருந்தன.

அந்தத் துண்டைக் கைக்குட்டையில் சுற்றிச் சாரிடம் காட்டினேன். அவர் ரொம்ப நேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அவளைத் திரும்பக் கூப்பிடணும் சார்."

"கூப்பிடத்தான் வேணும்." பிறகு விரல் விட்டு எண்ணினார். "அழிச்சது இருபது. நீ பாத்தது பன்னெண்டு. எட்டு இடிக்குதேம்மா. ஒண்ணு செய். அந்த எட்டு எங்கேன்னு கேட்டுட்டு வா. சொன்னா நாளைக்கே குடிசை போட்டுக்கட்டும்."

அநியாயம் என்று தோன்றியது. கூடவே, கேட்க வேண்டிய கேள்விதான் என்றும் தோன்றியது. தாம்பரத்தில் படப்பை பஸ் ஏறி உட்கார்ந்ததும் எட்டு என்னும் எண் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தது. அதன் மடியில் துணி மூடிய கூடை.

படப்பை ஏரிக்கு அடியில் வயல் வரப்பில் அவளைக் கண்டுபிடித்தேன். எலி வளையில் சட்டி கவிழ்த்துப் புகை போட்டுக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"இன்னாம்மா, நோட்டு எடுத்துகினு வந்தியா?"

"இல்லை." உண்மையில் பையில் இருந்தது.

மழையைச் சொன்னேன். மண் எழுந்து நடந்ததைச் சொன்னேன். அவள் முகம் முதல் முறையாகத் திறந்தது. "குடிச்சுதுங்களா? வயிறு முட்டக் குடிக்குமே!" என்றாள். பிறகு கைக்குட்டையைப் பிரித்தேன்.

"இது எது?"

"இருபத்திமூணு."

"அது தெரியாது எனக்கு. எதும்மா இது? மூக்கு வெள்ளையா இருக்குமே, கூப்ட்டா திரும்பிப் பாக்குமே, அதுவா? இல்ல பின்னங்காலு நொண்டியா?"

எனக்குத் தெரியவில்லை. அந்த ஆமையை நான் ஆறு மாதம் எண்ணியிருக்கிறேன். அதற்கு மூக்கு எப்படி இருந்தது என்று பார்த்ததில்லை.

துண்டைத் தன் மடியில் முடிந்துகொண்டாள். நான் கொடுத்ததா, அவள் எடுத்ததா, ஞாபகமில்லை.

"அன்னிக்கே காட்டியிருக்கலாமே?" என்றேன். "ஒண்ணே ஒண்ணுதானே சார் கேட்டார்? அங்கேயே இருந்திருக்கலாமே நீ?"

"வேலியப் புடிச்சிகினு எல்லாரும் பாத்துகினு இருந்தானுங்களே. நான் தோண்டுனா அவனும் வந்து தோண்டுவான்."

ஒரு குடிசைக்கும் ஒரு விரல் நீட்டலுக்கும் நடுவில் அன்றைக்கு அவள் நின்ற அந்த ஒரு அடி. அதற்கு நான் வைத்த பெயரை அவளிடம் சொல்லவில்லை. மன்னிப்பு என்ற வார்த்தை வாய் வரை வந்து, பழக்கமில்லாத வீட்டு வாசலில் நிற்கிற மாதிரி நின்றுவிட்டது. கூடையில் என்ன இருந்தது என்றும் கேட்கவில்லை. இன்றுவரை தெரியாது. தெரியாததுதான் எனக்குச் சரியான தண்டனை என்று சில நாள் தோன்றும்; சில நாள், பாழாய்ப்போன மனசு, மறுபடியும் அந்தத் துணியை விலக்கிப் பார்க்கும்.

அவள் என்னைப் பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுவந்து விட்டாள். கையில் சேறு, தோளில் கடப்பாரை. தாம்பரம் பஸ் வந்தது. நான் படியில் ஒரு கால் வைத்துக்கொண்டு திரும்பினேன்.

"இன்னும் எட்டு இருக்கு. அது எங்கேன்னு மட்டும் சொல்லிடு. சாருக்கு நான் சொல்லிக்கறேன். நாளைக்கே வந்து குடிசை போட்டுக்கோ."

அவள் எங்கோ பார்த்தாள். பழைய பார்வைதான்.

"ஏறும்மா, ஏறு! வூட்டுக்குப் போயி லெட்டர் போட்டுக்கோ," என்று கண்டக்டர் விசிலை வாயில் வைத்தார்.

"சொல்லேன்," என்றேன். "என்னை நம்ப மாட்டியா?"

"நீ நல்லவதாம்மா," என்றாள். "ஆனா உன்கிட்ட சொன்னா, நீ எழுதி வெச்சுடுவியே."